பெரியப்பாவின் வாயும் முருகன் தேரும்

சென்ற ஆவணியில் கனடாவிலிருந்து வந்திருந்த தங்கையின் பேரன் எங்கள் கிணற்றடிக் கல்லில் காலை இடித்துக்கொண்டான். பெருவிரல் நகம் பாதி எழும்பிவிட்டது. "ஜீசஸ்!" என்று கத்தினான். அவனுக்குப் பதினாறு வயது. பிறந்து துடக்குக் கழிந்ததும் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளை. கழுத்துச் சங்கிலியில் வேல் தொங்குகிறது. தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நாங்கள் சைவமெல்லே தம்பி. முருகா எண்டு சொல்லு."

அவன் ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்தான். "அது கும்பிடேக்கை சொல்லுறது" என்றான்.

என் வயதுக்காரரான நீங்கள் இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கும்பிட ஒரு வாய், திட்ட இன்னொரு வாய் என்று நம் காலத்தில் யார் வைத்திருந்தார்கள்? ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு கேள்வி இருந்தது. வலிக்கிறபோதும் கோபம் வருகிறபோதும் மனிதருக்கு ஏன் சாமியின் பெயர் வருகிறது? முப்பது வருடம் பத்திரிகையில் வேலை செய்தவள் நான். காரணம் தெரியாவிட்டால் நடந்ததை எழுது என்றுதான் எனக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்த ஒரு திருவிழாவை எழுதுகிறேன். நான் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்ல முயல்வேன்.

அப்பாவின் தமையன், எனக்குப் பெரியப்பா, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். நீர்வேலிச் செம்மண்ணில் பத்துப் பரப்பு வாழைத்தோட்டம். ஆள் கட்டை. தோள் இரண்டும் உரல் போல. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பின்னேரம் வியர்வையோடு புருவத்தில் இறங்கி நிற்கும். அவர் எழும்பிவிட்டார் என்பதை எங்கள் வீட்டில் சேவல் கூவி அறிவதில்லை. அவரது வாய் கேட்கும்.

மாடு கயிற்றை அறுத்தால் பிள்ளையாரைக் கூப்பிடுவார். காற்று வந்து குலை தள்ளிய வாழையை முறித்தால் அம்மாளாச்சியைக் கூப்பிடுவார். மண்வெட்டிப் பிடி கழன்றால், சைக்கிள் சங்கிலி கழன்றால், தேநீர் நாக்கைச் சுட்டால் வைரவர். பெயர் வந்த கையோடு ஒரு கோதாரி வரும், ஒரு கொள்ளை வரும், ஓர் அறுவான் வருவான். "அட வைரவா, கோதாரியிலை போன சங்கிலி!" இதை அவர் கோபமாகச் சொன்னார் என்று நினைக்கக் கூடாது. சொல்லி முடிக்கும்போது சங்கிலி பெரும்பாலும் மாட்டப்பட்டிருக்கும்.

கோதாரி என்றால் வாந்திபேதி என்பதும், கொள்ளை என்றால் அது ஊரை வாரிக்கொண்டு போவது என்பதும், அறுவான் என்றால் அற்றுப்போகிறவன் என்பதும் பின்னாளில் அகராதி பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கொப்புளித்துக் காய்ச்சல் வந்தால் "அம்மாள் வருத்தம்" என்று சொன்ன ஊர் நம்முடையது. நோயும் சாமியும் ஒரே மூச்சில் வந்தது பெரியப்பா புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஊர் பயந்த இரண்டையும் அவர் சேர்த்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அவரது வாய்க்கு ஒரு வேலி இருந்தது. இதை அன்றைக்கு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருவரின் தாயை அவர் இழுத்ததில்லை. சாதியை இழுத்ததில்லை. உடற்குறையைச் சொல்லித் திட்டியதில்லை. சிவனையும் கூப்பிட்டதில்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன்.

"அவர் பெரிய ஆள், மோனை. மாடு கயிறு அறுத்ததுக்கெல்லாம் அவரைக் கூப்பிட ஏலுமே? வைரவர் எண்டால் எங்கடை ஆள்."

யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஒரு பழைய இரும்புக்காரர் மாதம் ஒரு முறை சைக்கிளில் வருவார். முஸ்லிம். வெள்ளைத் தொப்பி, கணுக்காலுக்கு மேல் நிற்கும் சாரம். ஒரு நாள் துருப்பிடித்த தண்ணீர்ப் பீப்பாவை அவரும் பெரியப்பாவும் தூக்கி அவரது சைக்கிளில் ஏற்றினார்கள். பீப்பா வழுக்கி இருவரின் காலுக்கும் நடுவில் விழுந்தது. ஒருவர் "யா அல்லாஹ்!" என்றார். மற்றவர் "அட வைரவா!" என்றார். இரண்டும் ஒரே கணத்தில். பிறகு இருவரும் காலை எண்ணுவது போல் குனிந்து பார்த்தார்கள்.

"நாலு காலும் இருக்குது" என்றார் இரும்புக்காரர். "ஆர் முந்தி வந்தது, உங்கடை ஆளோ எங்கடை ஆளோ?"

"ரண்டு பேரும் வந்து முட்டுப்பட்டிருப்பினம். அதாலைதான் பீப்பா நடுவிலை விழுந்தது" என்றார் பெரியப்பா.

சிரித்து முடிய நெடுநேரம் ஆனது. பல வருடங்களின் பின் அவரும் மற்ற முஸ்லிம்கள் எல்லோரும் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது நான் பத்திரிகையில் இருந்தேன். அதை நாங்கள் எழுதிய விதத்தில் எனக்கு இன்றுவரை திருப்தியில்லை. அந்த வாரம் முழுவதும் அந்த வெள்ளைத் தொப்பி நினைவில் நின்றது. ஒரு வரிகூட நான் கூட்டி எழுதவில்லை. அது வேறு கதை. ஆனால் சொல்லாமல் கடந்து போக முடியவில்லை.

எங்கள் முருகன் கோயிலில் தேர் பெரிதல்ல. நான்கு சில்லு, இரண்டு வடம். வலது வடத்தை ஆண்களும் இடது வடத்தைப் பெண்களும் பிடிப்பார்கள். முன் வலது சில்லுக்குக் கட்டை போடுகிறவர் பெரியப்பா. இருபது வயதிலிருந்து அவருக்கு அதுதான் வேலை. நீண்ட பிடி வைத்த ஆப்பு மரம் அது. தேர் நிற்க வேண்டிய இடத்தில் அதைச் சில்லுக்குக் கீழே செருக வேண்டும். பார்ப்பதற்குச் சுலபம். ஆனால் வடம் தளராமல் கட்டை நிற்காது. இழுவை இருக்கும்போது செருகினால் ஒன்றில் கட்டை தெறிக்கும், அல்லது பிடித்தவரின் கை போகும். ஆகவே கட்டை போடுகிறவர்தான் வடத்தை விடச் சொல்ல வேண்டும்.

இழுக்கச் சொல்வது எளிது. யாராவது ஒருவர் "அரோகரா" என்றால் நானூறு கை இழுக்கும். விடச் சொல்வதற்குப் பெரியப்பாவிடம் ஒரு முறை இருந்தது. "வைரவர் அடிப்பார், விடுங்கோடா வடத்தை, கோதாரியள்!" பெண்கள் பக்கம் திரும்பினால் கொஞ்சம் இளகும்: "அம்மாளாச்சி பாத்துக்கொண்டு நிக்கிறா, விடுங்கோவன் பிள்ளையள்!" சனம் சிரித்துக்கொண்டு வடத்தைக் கீழே போடும். கட்டை விழும். தேர் நிற்கும். வருடக் கணக்காக இப்படித்தான் நடந்தது.

இது நின்று போனதற்கு நான் காரணம்.

கொடியேற்றத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் சிறுவர்களுக்குத் தேவாரப் போட்டி. அம்மா பச்சைப் பாவாடை உடுத்தி, இரட்டைப் பின்னல் கட்டி, கனகாம்பரம் வைத்துக் கூட்டிக்கொண்டு போனா. வேப்பமரத்தில் ஒன்றும் தென்னையில் ஒன்றுமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். மைக் என் உயரத்துக்கு இறங்கவில்லை. ஒரு வாங்கில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வரி பிசகில்லாமல் பாடினேன். மூன்றாவது வரி வரவில்லை. கூரையைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. வந்தது வேறு.

"அட வைரவா, கோதாரி!"

அடுத்த ஊர்ச் சந்தி வரை கேட்டதாகச் சொன்னார்கள். மண்டபத்தில் பின் வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். அம்மா என் காதைப் பிடித்து இறக்கினா.

சிரிக்காதவர் கோயில் சபைத் தலைவர். ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். ஊரில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். இஸ்திரி போட்ட வேட்டி, மடிப்புக் கலையாத சால்வை, ஒரு எழுத்தும் விழுங்காத பேச்சு. அவர் என்னிடம் குனிந்து, கோபமில்லாத குரலில் கேட்டார்.

"உந்தச் சொல்லை உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பெரியப்பா சொல்லுறவர்."

அன்று பின்னேரமே மடத்தில் சபை கூடியது. சன்னல் திறந்திருந்தது. வெளியே கிளித்தட்டு விளையாடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு நான் கேட்டேன்.

"கோயில் வீதியிலை உந்த வாய் இனிக் கேக்கக் கூடாது" என்றார் வாத்தியார். "சாமியின்ரை பேரை வசவுக்குள்ளை போட்டுப் பிசைஞ்சு பிள்ளையளுக்கு ஊட்டுறியள். இண்டைக்குப் பாத்தம்தானே?"

"வடம் பிடிக்கிறவங்களுக்கு வேறை பாஷை விளங்காது, வாத்தியார்" என்றார் பெரியப்பா.

"விளங்கப் பண்ணலாம்."

வாத்தியார் ஒரு முறை வைத்திருந்தார். தேருக்கு முன்னால், இரண்டு வடத்துக்கும் நடுவில் அவரே மைக்கோடு நடப்பார். நிறுத்த வேண்டிய இடத்தில் "சிவ சிவ" என்று மூன்று முறை அமைதியாகச் சொல்வார். வடம் தளரும். கட்டை விழும். ஒரு கெட்ட சொல் தேவையில்லை. அங்கேயே பரீட்சித்தும் பார்த்தார்கள். மடத்துப் பனையில் வடத்தைக் கட்டி, பத்து இளைஞர் இழுக்க, வாத்தியார் "சிவ சிவ" என்றார். பத்துப் பேரும் விட்டார்கள். சபைக்குத் திருப்தி. என் அப்பாவும் சபையில் இருந்தார். "நல்ல முறை" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

கட்டை பெரியப்பாவிடமே இருக்கலாம், ஆனால் கொடி இறங்கும் வரை ஒரு திட்டு வாயிலிருந்து வரக் கூடாது. அதற்குக் கோயிலின் காவல் தெய்வமான வைரவர் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். இதுதான் நிபந்தனை.

கற்பூரச் சத்தியம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வது. அதற்குப் பிறகு சொன்ன சொல் மாறினால் குடும்பம் அப்படியே அணைந்துபோகும் என்பது நம்பிக்கை. நீதிமன்றத்தில் பொய் சொன்னவர்களை எனக்குத் தெரியும். கற்பூரம் அணைத்துவிட்டுப் பொய் சொன்ன ஒருவரை நம் ஊரில் நான் கண்டதில்லை.

பெரியம்மா வேண்டாம் என்றா. "கட்டையை வேறை ஆரும் போடட்டும். உங்கடை வாயை நம்பிக் கற்பூரம் அணைக்கிறதோ?"

"வேறை ஆரும் போட ஏலாது எண்டில்லை" என்றார் பெரியப்பா. "எனக்குப் போடாமல் இருக்க ஏலாது."

அணைத்தார். நான் பார்த்தேன். கையை எடுத்தபோது உள்ளங்கை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது.

நான் அவருக்குப் பயந்து இரண்டு நாள் ஒளித்துத் திரிந்தேன். மூன்றாம் நாள், வேலியில் நாங்கள் நுழைந்து போகிற பொட்டுக்குள்ளால் என்னைப் பிடித்துவிட்டார். "என்னடி பிள்ளை, தேவாரத்திலை என்ரை வரியையும் சேர்த்துப் பாடிப்போட்டாய் போலை" என்றார். அவ்வளவுதான். கையில் ஒரு இதரை வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

தேரன்று காலை வெயில் ஏறும் முன்பே வீதி நிறைந்துவிட்டது. கொடிகாமம், அளவெட்டி என்று எங்கெங்கோ இருந்து சனம். பெரியப்பா துவாயை மூக்கிலிருந்து தாடை வரை சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார். புழுதிக்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எதற்கென்று எங்கள் வீட்டாருக்குத் தெரியும்.

தேர் கிழக்கு வீதியில் புறப்பட்டது. முதல் தரிப்பில் வாத்தியார் மைக்கில் "சிவ சிவ" என்றார். பனையடியில் நின்ற பத்துப் பேரும் வடத்தை விட்டார்கள். மற்ற எல்லோரும் "அரோகரா!" என்று முழங்கி இன்னும் ஓர் இழுவை இழுத்தார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. கோயில் வீதியில் ஒருவர் சாமி பெயரைச் சொன்னால் சனம் அரோகரா சொல்லும். அரோகரா சொன்னால் கை இழுக்கும். அது சபையில் தீர்மானித்து மாற்றுகிற விசயமல்ல. தேர் தரிப்பைத் தாண்டி நான்கு முழம் போய், தானாக ஓய்ந்து நின்றது.

தெற்கு மூலையிலும் அப்படித்தான். வாத்தியாரின் குரல் சற்று உயர்ந்தது. "சிவ சிவ, சிவ சிவ!" "அரோகரா! அரோகரா!" அவரது சால்வை முதல்முறையாக நழுவியதைக் கண்டேன். பெரியப்பா கட்டையோடு சில்லுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார். துவாய்க்கு மேலே அவரது கண் மட்டும் தெரிந்தது. அது வாத்தியாரின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தது.

மேற்கு வீதி கேணிப் பக்கம் கொஞ்சம் சரிவு. நான் இடது வடத்தின் நுனியில், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் சாமியைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். மைக்கின் வயர் தேரோரமாக வந்த ஒரு தள்ளுவண்டியில் இருந்த பெட்டியோடு இணைக்கப்பட்டிருந்தது. வண்டி எதிலோ தட்டுப்பட்டு நின்றது. வயர் இறுகி வாத்தியாரின் கணுக்காலைச் சுற்றியது. அவர் வலது வடத்தின் பக்கம் சரிந்து விழுந்தார். மைக் மணலில் விழுந்து, "டொக்" என்று ஊரெல்லாம் கேட்டது. முன்னால் இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. விழுந்ததைக் கண்டவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களும் பதறிக் கத்தியது "ஐயோ முருகா!" என்று.

"அரோகரா!" என்றது சனம்.

சில்லு அவரது முழங்காலை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெரியப்பா கட்டையைச் செருகினார். கட்டை தெறித்து விழுந்தது. திரும்ப எடுத்தார். ஒரு கையால் துவாயைக் கழுத்துக்கு இழுத்தார். நிமிர்ந்தார். சனத்தைப் பார்க்கவில்லை. தேரில், மாலைகளுக்கு நடுவில் இருந்த முருகனைப் பார்த்தார்.

"டேய் முருகா! உன்ரை சில்லுக்குள்ளை மனிசன் கிடக்கிறான்ரா! நில்லடா, கோதாரியிலை போவானே! நில்லடா அறுவானே!"

ஒலிபெருக்கி இல்லாத குரல் அது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. இரண்டு வடமும் ஒன்றாக நிலத்தில் விழுந்தன. ஈரச் சேலையைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். கட்டை உள்ளே போனது. தேர் ஒரு முறை முனகி, முன்னுக்குக் குனிந்து, நின்றது.

வாத்தியாரின் வேட்டிக் கரையின் மேல் சில்லு நின்றது. சில்லுக்கும் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண். வேட்டியைக் கத்தியால் வெட்டித்தான் அவரை எடுத்தார்கள். யாரோ ஒருவரின் சால்வையைச் சுற்றிக்கொண்டு, விழுந்ததில் முறிந்த கணுக்காலோடு, இரண்டு பேர் தோளில், முறிவு வைத்தியரிடம் போனார்.

வடம் பிடித்த ஒருவரைப் பல வருடம் கழித்து ஒரு பஸ் தரிப்பில் சந்தித்தேன். அன்று ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "சாமியைத் திட்டினதைக் கேட்டவுடனை கை தன்ரைபாட்டிலை விட்டுது, தங்கச்சி" என்றார். "மேலை பாத்தன், இடி விழப் போகுதெண்டு."

இடி விழவில்லை. பெரியப்பா கட்டையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, துவாய் கழுத்தில் தொங்க, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். தேரை மற்றவர்கள் மெல்ல மெல்ல இருப்பிடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒரு உயிரைக் காப்பாற்றியவர் என்று ஊர் சொன்னது. பெரியப்பாவுக்கு அது காதில் விழவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கற்பூரம் அணைத்தேன், கொடி இறங்கமுன் வாய் திறந்தேன், அதுவும் யாரைப் பார்த்து! அன்றிலிருந்து அவர் திட்டவில்லை.

மாடு கயிற்றை அறுத்தது. அவர் கயிற்றை முடிந்தார். சங்கிலி கழன்றது. மாட்டினார். வைகாசிக் காற்றில் ஒரே பின்னேரம் முப்பது வாழை, குலையோடு, தோட்டத்தில் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. வரம்பில் நின்று பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து வாழைப்பூப் பொத்திகளை வெட்டிச் சேர்க்கத் தொடங்கினார். காலையில் வேலிக்கு அப்பால் சத்தமே இல்லை. அம்மாவுக்குச் சந்தோசம். "மனிசன் திருந்தீட்டுது" என்றா. அப்பாவும் தலையை ஆட்டினார். வளர்ந்தவர்கள் சேர்ந்து ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்வதை நான் முதலில் கண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கும் அது தவறென்று தெரியாது.

சரியாகச் சொன்னவ பெரியம்மாதான். கிணற்றடியில் அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னா: "இந்த மனிசன் சாமியைக் கூப்பிட்டு ரண்டு மாசம். கோயில் பக்கமும் போறேல்லை. வெறுமனே இருக்குது. எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்போதுதான் எனக்கு எண்ணத் தோன்றியது. பெரியப்பா பொழுது விடிந்து பொழுது படும் வரை எத்தனை முறை அந்தப் பெயர்களைச் சொல்லியிருப்பார்? ஊரில் மூன்று வேளையும் பூசைக்குப் போனவர்கள்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்கள். மாட்டுக் கயிற்றுக்கும் சங்கிலிக்கும் ஆள் கூப்பிட்டுப் பழகியவர், இப்போது முப்பது வாழைக்கும் தனியாக நின்றார்.

ஆடி பிறந்த ஒரு பின்னேரம் வாத்தியார் எங்கள் படலையைத் திறந்தார். கால் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. கையில் ஊன்றுதடி. வேட்டி மட்டும் பழைய மாதிரி இஸ்திரி போட்டது. அப்பா கதிரை எடுத்து வைத்தார். அவர் இருக்கவில்லை. "தமையனிட்டைப் போகவேணும்" என்றார். தோட்டத்துக்கு வழிகாட்ட என்னை அனுப்பினார்கள். வரம்பில் அவரது தடி புதைந்து புதைந்து வந்தது. ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். "நீர் தானே அண்டைக்குப் பாடின பிள்ளை?" என்றார். ஓம் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெரியப்பா புது வாழைக் குட்டி நட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் எழும்பிக் கை மண்ணைத் தட்டினார்.

"ஏன் வாத்தியார் உந்தக் காலோடை? சொல்லி அனுப்பியிருந்தால் நான் வந்திருப்பன்."

"நீர் கோயில் பக்கம் வாறேல்லையாம்."

பெரியப்பா கை மண்ணை இன்னொரு முறை தட்டினார்.

"கட்டையும் வேண்டாமெண்டு சொல்லி அனுப்பினீராம்."

"கற்பூரம் அணைச்சனான், வாத்தியார்." பெரியப்பா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "எந்த முகத்தோடை வாறது? சனத்தைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவரையல்லோ திட்டினனான்."

"என்ன திட்டினீர்?"

"உங்களுக்குத்தான் கேட்டிருக்குமே."

"கேட்டது. நான் கீழை கிடந்தனான். எனக்கு வடிவாக் கேட்டது." வாத்தியார் தடியை இரண்டு கையாலும் பிடித்தார். "அவருக்குக் கேட்டதோ?"

பெரியப்பா விளங்காமல் பார்த்தார்.

"நான் அண்டைக்கு மைக் பிடிச்சு எத்தினை தரம் சிவ சிவ சொன்னன். நல்ல உச்சரிப்போடை சொன்னன். தேர் நிண்டதோ?"

"இல்லை."

"நீர் ஒருக்காச் சொன்னீர். நிண்டதோ இல்லையோ?"

"நிண்டது."

"கேக்காத ஆள் நிப்பரோ?"

பெரியப்பா நிலத்தில் குந்தினார். வாத்தியாருக்குக் குந்த முடியாது. நின்றபடியே சொன்னார்:

"அந்தச் சத்தியத்தை உம்மிட்டை வாங்கினவன் நான். அதுக்கு ஏதும் வாறதெண்டால் என்ரை வாசலிலை வரட்டும். வைரவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். நீர் போய் அவரோடை உம்முடைய பாட்டுக்குக் கதையும்."

அவர் போன பிறகும் பெரியப்பா நெடுநேரம் எழும்பவில்லை. குழிக்குள் வைத்த குட்டிக்கு மண் போடவும் இல்லை. வெயில் சாய்ந்ததும் கிணற்றில் இரண்டு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு, திருநீறு பூசி, ஈர வேட்டியோடு நடந்தார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பின்னால் போனேன்.

பூசை முடிந்து கோயில் வெறுமையாக இருந்தது. வைரவர் முன்னால் போய் நின்றார். கை கூப்பவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். தோட்ட வரம்பில் நின்று பக்கத்துத் தோட்டக்காரரோடு கதைக்கும்போது அப்படித்தான் நிற்பார்.

"அறுவானே" என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ரண்டு மாசம் ஒரு கதை பேச்சில்லாமல் இருந்திட்டாய். முப்பது வாழை விழுந்து போச்சு, கோதாரியிலை போவானே. உனக்குக் கண் தெரியேல்லையோ? ஒருக்கா வந்து எட்டிப் பாக்க ஏலாதோ?"

அதற்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அழுதாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவரது முதுகுக்குப் பின்னால் நின்றேன். கண்டது முதுகை மட்டும்தான்.